கடைசிச் சீட்டுக்காரர்

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் ஏலத்தை முடித்தாக வேண்டும் என்று மாதாமாதம் நாலு மணிக்கே அவசரப்படுத்துகிற வையாபுரி, இன்றைக்கென்று பார்த்து, நாலு அடித்துப் பத்து நிமிடம் ஆகியும் சீட்டு நோட்டைத் திறக்காமல் மாடிப்படி முனையில் நின்றபடி கீழே கடைக்கு வந்த யாருக்கோ ஒயர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவுக்கு அது நல்லதாகவும் பட்டது, கெட்டதாகவும் பட்டது. வாயைத் திறக்க வேண்டிய நேரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகிறது, அது நல்லது. தள்ளிப்போகிற ஒவ்வொரு நிமிடமும் எழுந்து போய்விடலாம் என்ற யோசனை பெரிதாகிக்கொண்டே வருகிறது, அது கெட்டது. எலெக்ட்ரிக்கல் கடை மாடி, புது பிளாஸ்டிக் வாசனை, ஜமக்காளத்தில் இருபது பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினாறு பேர், தலைக்கு மேல் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்று சொல்கிற விசிறி. விசிறி விற்கிற மனிதன் வீட்டு விசிறியே இப்படி. இதையெல்லாம் ஏன் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. காலையில் மனைவி கலாமணி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "எவ்வளவு தள்ளியாச்சும் எடுத்துட்டு வாங்க. எடுக்காம வூட்டுக்கு வராதீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பால் வாங்கிட்டு வாங்க என்பதைப் போலச் சொன்னாள். கோபத்துக்கு அவரிடம் பதில் இருந்தது, இருபத்தாறு வருஷமாக இருந்தது. இந்தக் குரலுக்கு இல்லை. செருப்பை மாட்டும்போது, வராதீங்க என்றால் வேறு எங்கே போவது என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தார். பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் ஸ்டோர் சாவி அவரிடம்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ரிவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்காரலாம். ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு வருகிற யோசனையா இது.

எடுக்க வேண்டியது சீட்டு. ஆளுக்கு மாதம் இருபத்தைந்தாயிரம், இருபது ஆள், இருபது மாதம், மொத்தம் ஐந்து லட்சம். முதல் மாதச் சீட்டு நடத்துகிறவருக்கு, அது வையாபுரிக்குக் கூலி. மற்ற மாதங்களில் யாருக்குப் பணம் அவசரமோ அவர்கள் ஏலம் கேட்பார்கள். நான் அம்பதாயிரம் தள்ளி எடுத்துக்கறேன் என்று ஒருவர் சொன்னால், ஐம்பதாயிரத்தை விட்டுவிட்டு நாலரை லட்சத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவரை விட அவசரக்காரர் அறுபது தள்ளுவார். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. அவர் தள்ளிய தொகையை இருபது பேரும் பங்கு போட்டு அந்த மாதத் தவணையில் கழித்துக்கொள்வார்கள். ஒருவரின் அவசரம் இருபது பேருக்கு லாபம். அவசரமே இல்லாமல் கடைசி மாதம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கோ எல்லார் தள்ளிய பங்கும் வந்து, முடிவில் ஒரு ரூபாய் குறையாமல் முழுச் சீட்டும் வரும். நாச்சிமுத்து அப்படி மூன்று சீட்டு எடுத்திருக்கிறார், மூன்றும் கடைசிச் சீட்டு. வெங்கமேடு வட்டாரத்தில் கடைசிச் சீட்டுக்காரர் என்றால் அவர்தான். ஆரம்பத்தில் கிண்டலாகச் சொன்னார்கள், பிறகு மரியாதையாகச் சொன்னார்கள், இப்போது எதுவாகச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. வாங்கி வைத்த இடத்துக்குப் பட்டா இல்லை, ஏரிப் புறம்போக்கு என்று தெரிந்து அண்ணன் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்த நாளில், அப்பா அண்ணனை அவசரக்குடுக்கை என்றார். அதே மூச்சில் இவரைப் பார்த்து, "சின்னவன் நிதானம்" என்றார். அப்போது இவருக்குப் பத்தொன்பது வயது. அந்த ஒரு சொல்லுக்காகவே முப்பத்திரண்டு வருஷம் ஒரு மனிதன் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா என்றால், இருந்திருக்கிறார். இன்றைக்கு ஒன்பதாவது மாதம். இன்றைக்குத் திறக்க வேண்டும்.

திறக்க வேண்டியது ரெண்டு சென்ட் நிலத்துக்காக. ரயில்வே கேட்டைத் தாண்டி, மேற்குப் பார்த்த இடம், பக்கத்தில் ஒரு வேம்பு. முதல்தரம் பார்க்கப் போனபோது சென்ட் அறுபதாயிரம். கலாமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து நடந்து அளந்தாள், இங்க அடுப்படி, இங்க பாத்ரூம், இங்க தொட்டி என்று. அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் ஞாபகமில்லை. ஆடி கழியட்டும் என்றார். ஆடி கழிந்ததும் சனிப்பெயர்ச்சி வரட்டும் என்றார், அவர் ராசிக்கு ஏழரை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் சீட்டு, முழுசாக ஒரு லட்சம், கையில் வந்தபோது சிங்கம் மாதிரி நடந்து போய்க் கேட்டார். சென்ட் ஒன்று பத்து என்றார்கள். இறங்கும் என்று காத்திருந்தார். ரெண்டாவது சீட்டு மூணு லட்சம் வந்தபோது சென்ட் ரெண்டே கால். அப்புறம் நோட்டு செல்லாமல் போன வருஷம் நிலமெல்லாம் பாதி விலைக்கு வரும் என்று டீக்கடையில் சொன்னார்கள், டீக்கடையில் சொல்வதை நம்புகிற ஆள் இல்லை என்றாலும் அதை மட்டும் நம்பினார். கொரோனாவில் கட்டாயம் இறங்கும் என்றார்கள், அதையும் நம்பினார். முந்தின சீட்டுப் பணமெல்லாம் அடுத்தடுத்த சீட்டின் தவணைக்கே போய், மூன்றாவது சீட்டு ஐந்து லட்சம் வந்தது, சென்ட் மூன்றரை. பாங்கில் போட்டு அந்த ஐந்து இன்று ஆறாகியிருக்கிறது, சென்ட் நாலரையாகியிருக்கிறது. ஒவ்வொரு தரமும் அவர் ஒரு ரூபாய் கூட இழக்கவில்லை. ஒவ்வொரு தரமும் கையில் முழுப் பணத்தோடு அந்த வேம்புக்குக் கீழே நின்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். இது எப்படி என்று ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தும் அவருக்குத் தப்பு எங்கே என்று பிடிபட்டதில்லை. கணக்கு ஒவ்வொரு வரியும் சரி, விடைதான் தப்பு. நிலத்துக்காரர் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். வியாழக்கிழமை போன் செய்து, புதன்கிழமைக்குள் முடிக்கிறதானால் உங்களுக்கு, இல்லையென்றால் ஈரோட்டுப் பார்ட்டிக்கு அட்வான்ஸ் வாங்கிவிடுவேன், பதினேழு வருஷமாக உங்களையும் பார்க்கிறேன் என்றார். பதினேழு என்று அவர் சரியாக எண்ணி வைத்திருந்தது நாச்சிமுத்துவைச் சுட்டது.

வையாபுரி வந்து உட்கார்ந்தார், நோட்டைத் திறந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஆரம்பிக்கலாமுங்களா. மணி நாலேகால். யாருக்கு வேணும், சொல்லுங்க." லாரி ஷெட் வைத்திருக்கிற குமரேசன், எப்போதும் முதலில் பேசுகிறவன், "நாப்பது" என்றான். நாற்பதாயிரம் தள்ளி. அவனுக்கு வேண்டியதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஏலம் ஓட வேண்டுமே என்று தொடங்கி வைப்பான். நாச்சிமுத்து தன் கணக்கைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்தார், கம்பெனியில் சாமான் கேட்டு எழுதுகிற இண்டென்ட் தாளின் பின்பக்கம் எழுதியது. நிலம் ஒன்பது லட்சம். பத்திரச் செலவு அறுபதாயிரம் வைத்துக்கொண்டால் ஒன்பது அறுபது. பாங்கில் ஆறு. மீதி மூணு அறுபது. ஐந்து லட்சத்தில் மூணு அறுபது கையில் வர வேண்டும் என்றால் ஒன்று நாற்பது வரைக்கும் தள்ளலாம், அதற்கு மேல் ஆயிரம் போனாலும் நிலம் இல்லை. ஒன்று நாற்பது கழுத்தில் கத்தி. எண்பதுக்குள் முடிந்தால் வயிறு எரியாது. எண்பது என்று தாளில் ரெண்டு கோடு போட்டிருந்தார். "அம்பது" என்றார் யாரோ. குமரேசன், "அறுவது." இப்போது சொல்லலாம், எழுபது என்று சொல்லலாம், ஒரே ஒரு சொல், பல் நாக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் இப்போது சொன்னால் அவசரக்காரன் என்று முகத்தில் எழுதி ஒட்டியதாகிவிடும், ஏற்றிவிடுவார்கள். கொஞ்சம் அடங்கட்டும். அடங்கினதும் சொல்லலாம். கொஞ்சம் அடங்கட்டும் என்று நினைத்தவுடனேயே அந்த நினைப்பை அவருக்கு அடையாளம் தெரிந்தது, ஆடி கழியட்டும் என்று சொன்ன அதே வாய், அதே நாக்கு, உள்ளே உட்கார்ந்து பேசுகிறது. தெரிந்தும் சொல்லவில்லை.

"எழுவது" என்றது ஒரு பெண் குரல். எதிர் வரிசையில் சுவரோரம் மாவுக்கடை தெய்வானை. நாச்சிமுத்து அவ்வளவு நேரமும் விசிறியைப் பார்த்ததும் தரையைப் பார்த்ததும் அந்தச் சுவரோரத்தைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான். போன சீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே ஜமக்காளம், இதே மணி. அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு, கோவையில் சேர்த்திருந்தார்கள், அவள் ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகப் பஸ் பிடித்து வந்திருந்தாள், தலையைக்கூடச் சரியாக வாரவில்லை. தொண்ணூறு தள்ளி எடுத்துக்கறேன் என்றாள். எல்லாரும் விட்டுவிட்டார்கள். ரெண்டு தரம் சொல்லியாகிவிட்டது. அப்போது நாச்சிமுத்து, "ஒரு லட்சம்" என்றார். அவருக்குப் பணம் வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை இது, ஏத்திவிடறது என்று அதற்குப் பேரே இருக்கிறது, எல்லாரும் செய்கிறார்கள், ஆள் அவசரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் பக்கத்தில் இருந்து ரெண்டு ஏற்று ஏற்றுவார்கள். ஒன்று பத்து என்றாள். ஒன்று இருபது என்றார். அவள் விட்டுவிட்டால் வேண்டாத சீட்டு இவர் தலையில் வந்து விழும், அதுதான் விளையாட்டு, அந்த விளிம்பில் நிற்பதில் ஒரு சுகம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். ஒன்று ஐம்பதில் நிறுத்தினார். தொண்ணூறுக்கு முடிந்திருக்க வேண்டியது ஒன்று ஐம்பது. அவளுக்கு அறுபதாயிரம் நஷ்டம். இவர் பங்குக்குக் கூடுதலாக வந்தது மூவாயிரம் ரூபாய். வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குப் பின் எட்டு மாதம் இருந்தார். இழவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார் நாச்சிமுத்து. அவள் எதுவும் காட்டவில்லை, காட்டியிருந்தால் இவரும் ஏதாவது சொல்லியிருப்பார். சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரட்டும் என்று இருந்தார். கடையில் மாவு வாங்கும்போது சொல்லலாமா, பக்கத்தில் ஆள் நிற்கிறது. கோயிலில் சொல்லலாமா, கோயிலில் போய் இதையா. அப்படியே நாள் ஓடி, இப்போது அவள் தாலி இல்லாத கழுத்தோடு எதிரில் உட்கார்ந்து எழுபது என்கிறாள். அவளுக்கு எதற்கு இப்போது சீட்டு. கடை நன்றாக ஓடுகிறது என்கிறார்கள். வேண்டாமல்தான் சொல்கிறாள். இவர் இன்றைக்குக் கேட்கப்போகிறார் என்பது எப்படியோ தெரிந்திருக்கிறது. கலாமணி அவள் கடையில்தான் மாவு வாங்குகிறாள், பெண்கள் பேசிக்கொள்வார்கள். தெரிந்துதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எம்பது" என்றான் குமரேசன். எண்பது போய்விட்டது. தாளில் ரெண்டு கோடு போட்ட எண்பது, யாரோ பஸ் ஏறிப் போனது மாதிரி, இவர் நிறுத்தத்தில் நிற்க நிற்கவே போய்விட்டது. "தொண்ணூறு" என்றாள் தெய்வானை. குமரேசன் தலையைச் சொறிந்துகொண்டு தொண்ணூற்றஞ்சு என்றான். "ஒரு லட்சம்." அவன் கையை விரித்தான், நமக்கு வேண்டாம் சாமி என்று. வையாபுரி பேனாவைத் தூக்கினார். "ஒரு லட்சம், தெய்வானையம்மா. ஒரு தரம்." இப்போது. இப்போது இல்லையென்றால் எப்போது. ஆனால் ஒரு லட்சம் என்றால் என்ன, கலாமணி நாலு வருஷம் ரெடிமேட் கம்பெனியில் காஜா அடித்துச் சேர்த்த பணம். அதை ஒரு வாயசைப்பில் இருபது பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்த மாதம் எழுபதுக்குப் போகலாம். அடுத்த மாதம் கார்த்திகை, கல்யாண மாசம், போகாது. மார்கழி பிறந்தால் ஆள் குறையும், ஐம்பதுக்கே வரலாம். மார்கழியில் நிலம் ஈரோட்டுக்காரன் கையில் வேலி போட்டு இருக்கும். ஈரோட்டுக்காரன் நிஜமா, அல்லது நிலத்துக்காரர் இவரை ஏற்றிவிடுகிறாரா. ஏற்றிவிடுகிறாராக இருக்கும். இருக்காது. வாங்கின மறுமாதமே விலை விழுந்தால். வரப்போகிற பைபாஸ் ரோடு வேறு பக்கம் திரும்பினால். அண்ணன் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தது. அப்பா. சின்னவன் நிதானம். அப்பா வாடகை வீட்டில்தான் செத்தார், பிணத்தை எடுக்க வீட்டுக்காரனிடம் கேட்டு வாசல் தண்ணீர்த் தொட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. நானும் அப்படித்தான் போகப்போகிறேன், நிதானமாக. அது இதுவரை நினைக்காத நினைப்பு அல்ல, ஆனால் இவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. விசிறி டக் என்றது. "ரெண்டு தரம்" என்றார் வையாபுரி.

"ஒன்னு பத்து."

குரல் தன்னுடையது என்று தெரிய அவருக்கே ஒரு வினாடி பிடித்தது. மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குமரேசன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "கடைசிச் சீட்டே வாயத் தெறந்துருச்சுங்கோ. என்னுங்ணா, நெலம் கிலம் முடிக்கறீங்களா?" ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, அசைத்திருக்கக் கூடாது என்று உடனே நினைத்தார்; தேவை வெளியே தெரிந்துவிட்டது, இனி கறக்கலாம். சுவரோரத்தைப் பார்த்தார். இந்த மாலை முதல்முறையாகப் பார்த்தார். தெய்வானையும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முறைக்கவில்லை, சிரிக்கவில்லை, ஒரு மாதிரி அளக்கிற பார்வை. மடியில் இருந்த கைப்பையை ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஒன்னு இருவது" என்றாள்.

சரிதான். ஏற்றுகிறாள். அன்றைக்கு ஒன்று பத்துக்கு ஒன்று இருபது சொன்னது இவர், இன்றைக்கு அவள். அதே எண். வந்தது கோபம் என்று சொல்வதா, ஒரு நிம்மதி என்று சொல்வதா, ரெண்டும் கலந்திருந்தது. வாங்கிக்கொள்ளட்டும், அவளுக்குச் சேர வேண்டியதுதான், அறுபதாயிரம் இழக்க வைத்ததை அறுபதாயிரமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பக்கம். ஆனால் ஒன்று நாற்பதில் கத்தி இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது, அதைத் தாண்டிவிட்டால் கலாமணிக்கு நிலம் இல்லை, இதில் கலாமணி என்ன பாவம் செய்தாள் என்று இன்னொரு பக்கம். "ஒன்னு முப்பது" என்றார். அவள் உதட்டுக்குள்ளேயே ஏதோ கணக்குப் போட்டாள், விரல் பையின் மேல் அசைந்தது. "ஒன்னு முப்பத்தஞ்சு." அப்போதுதான் அந்தப் பழைய நினைப்பு வந்தது, அழகாக, குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த மாதிரி வந்தது. விட்டுவிடு. இப்போது விட்டுவிட்டால் வேண்டாத சீட்டு அவள் தலையில். ஒன்று முப்பத்தைந்து தள்ளி மாட்டிக்கொள்வாள். உனக்கு இந்த மாதமே ஆறாயிரத்து எழுநூற்றைம்பது பங்கு. எல்லாரும் கைதட்டுவார்கள், கடைசிச் சீட்டுக்காரனா கொக்கா என்பார்கள். இன்னும் பதினோரு மாதம் உட்கார்ந்திரு, முழுசாக ஐந்து லட்சம். ஐந்தும் ஆறும் பதினொன்று. பதினொன்றுக்கு வேறு இடம் கிடைக்காதா, இதை விட நல்ல இடம், கிழக்குப் பார்த்தது. அந்த நினைப்பில் ஒரு குறையும் இல்லை. இதைவிடச் சரியான சமயம் இனி வராது, சும்மா இருப்பதற்கு. நாச்சிமுத்து அதன் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், பார்க்கப் பார்க்கப் பயம் கிளம்பியது, நிலம் போய்விடும் என்ற பயம் அல்ல, நிலம் போனாலும் தான் சந்தோஷமாகத்தான் இருப்போம் என்ற பயம். பதினேழு வருஷமும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறோம், அடுத்தவர் அவசரத்தில் ஆறாயிரமும் ஏழாயிரமுமாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு. கலாமணிக்கு அது தெரியும். காலையில் அவள் திரும்பிப் பார்க்காதது அதனால்தான். "ஒரு தரம்" என்றார் வையாபுரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு தரமுங்க."

"ஒன்னு நாப்பது" என்றது வாய்.

முடிவெடுத்துச் சொன்னாரா என்று யாராவது பிறகு கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. சொன்ன பிறகுதான் முடிவு வந்தது. தெய்வானை வாயைத் திறந்தாள். அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து ஒரே ஒரு ஆயிரம் வெளியே வந்தாலும் எல்லாம் போச்சு என்று தெரிந்துகொண்டு, அவர் உட்கார்ந்திருந்த அந்த நேரம் எவ்வளவு என்று கடிகாரத்தைக் கேட்டால் நாலைந்து வினாடி என்று சொல்லும். அவள் வாயை மூடிக்கொண்டாள். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மூணு தரம் என்று சொல்லி வையாபுரி நோட்டில் எழுதினார், "செவ்வாய்க்கிழமை பணம், ரெண்டு ஜாமீன் கையெழுத்து வேணும், கடைசிச் சீட்டுக்காரருக்கு ஜாமீனுக்கா பஞ்சம்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். குமரேசன் முதுகில் தட்டினான். ஆளுக்கு ஏழாயிரம் இறங்கிய சந்தோஷம் எல்லார் முகத்திலும் இருந்தது, நாச்சிமுத்துவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும், அவரே வருஷக்கணக்கில் போட்டுக்கொண்ட முகம். டீ வந்தது. ஒரு வாய் குடித்தார். ஒன்று நாற்பது, ஒன்று நாற்பது என்று உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது, ஆனாலும் நிலம் முடிந்தது, முடிந்தது என்றும் அடித்தது, எது பணத்துக்கு எது நிலத்துக்கு என்று பிரிக்க முடியவில்லை.

ஜன்னலோரம் டம்ளரை வைக்கப் போனபோது கீழே அவள் குரல் கேட்டது. படி இறங்கிப் போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்ல சாமி, கெடைக்கல. வேறொருத்தர் எடுத்துட்டாங்க... நீ அழுவாத கண்ணு. நாளைக்குக் காலேஜ் ஆபீஸ்ல போய், அம்மா அடுத்த மாசம் பீசக் கட்டீருவாங்க, பைனோட கட்டீருவாங்கன்னு கேட்டுப் பாரு. நர்சிங் மேடத்துக்கிட்ட வேணா நான் பேசறேன்." பிறகு போனைக் காதில் வைத்தபடி தரையைப் பார்த்து நின்றாள். நாச்சிமுத்துவுக்குக் கையில் டம்ளர் இருப்பது மறந்துபோயிற்று. ஏற்றிவிடவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது. எழுபதிலிருந்தே வேண்டியிருந்தது. அவள் ஏற்றுகிறாள் என்று ஏன் அவ்வளவு நிச்சயமாக நினைத்தோம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். ஒன்று சொல்ல வேண்டும். என்ன சொல்வது, கையில் வருகிற மூணு அறுபதில் ஆயிரம்கூட எடுத்துக் கொடுக்க முடியாது, வெறும் சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். புதன்கிழமை பத்திரம் முடிந்த பிறகு, கலாமணியைக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்கே போய்ப் பக்குவமாக... அவர் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் செருப்பைக்கூடத் தேடாமல் படியில் இறங்கினார்.

"அம்மிணி, ஒரு நிமிசம்."

"சொல்லுங்ணா." முகத்தை முந்தானையால் ஒத்திக்கொண்டு திரும்பினாள்.

"போன சீட்டுல, அன்னிக்கு, உங்க ஏலத்த ஏத்துனது... எனக்குப் பணம் வேண்டியிருக்கல. சும்மாதான் ஏத்துனேன்."

இதை இத்தனை வருஷம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். சொன்னால் இவ்வளவுதான் இருந்தது. தார் ரோடு பாதத்தில் சுட்டது.

"தெரியுமுங்ணா" என்றாள். "எப்ப நிறுத்துவீங்கன்னு உங்க மொகத்தையேதான் பாத்துட்டு இருந்தேன் அன்னிக்கு."

அவர் சுடுகிற காலை மாற்றி வைத்தார்.

"இன்னிக்கும் பாத்தேன். இன்னிக்கு நெசமாவே வேணும்னு தெரிஞ்சுது. எனக்கு ஒன்னு முப்பத்தஞ்சுக்கு மேல தாங்காது, அதுக்கு மேல போனா பீசு கட்டப் பத்தாது. அதான் விட்டுட்டேன்." சாவியைப் போட்டுத் திருகினாள். வண்டி ரெண்டாவது உதையில் கிளம்பியது. "கலாமணியக்கா ஆசைப்பட்ட எடமாமே. பணம் வந்த அன்னிக்கே போய் முடிச்சுருங்ணா."

அவள் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றார். மன்னிப்பு என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்ற நினைப்பு இனி எத்தனை வருஷத்துக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. மேலிருந்து வையாபுரி ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணா, கையெழுத்துப் போடாமப் போறீங்களே" என்றார். நாச்சிமுத்து மேலே ஏறிப்போய் ஜமக்காளத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, தன் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில், ஒன்பதாவது மாதம், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தள்ளி என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அடுத்த வரியில் தெய்வானை என்று இருந்தது. அதற்கு நேரே இருந்த கட்டம் காலியாக இருந்தது.